புருவங்கள் தொடர்பான புகார்

துறைத்தலைவர் கருணாகரனின் புருவங்கள் செவ்வாய்க்கிழமை மதியம் மேலே போயின. வெள்ளிக்கிழமை ஆகியும் இறங்கவில்லை. தாவரவியல் துறையின் கருத்தரங்கக் கூடத்தில், நடு மின்விசிறிக்குப் பக்கத்தில், கூரையோடு ஒட்டிக்கொண்டிருந்தன. காற்றுப் பட்டால் பறந்துவிடும் என்று மின்விசிறிகளை நிறுத்தச் சொல்லிச் சுற்றறிக்கை வந்தது. துறையே வியர்த்தது. வியர்த்தவர்கள் எல்லாரும் பவளக்கொடியை முறைத்தார்கள்.

முறைக்கத்தான் செய்வார்கள். புருவம் போனது அவளால்தான்.

அன்றைக்கு ஆய்வு மாணவர்கள் வரிசையாகக் கட்டுரை வாசித்தார்கள். பவளக்கொடி நெல்வயல் களைகளைப் பற்றி வாசித்தாள். அவளுக்கு முன்னால் வாசித்தவர்களிடம் துறைத்தலைவர் தரவு எங்கே எடுத்தது, எப்படி எடுத்தது என்று கேட்டார். அவளிடம், "இதை நீயேவா எழுதின?" என்று கேட்டார். பிறகு, "உங்க பக்கத்துலேருந்து இப்படி ஒண்ணா!" என்றார். அப்போதுதான் புருவங்கள் கிளம்பின. நெற்றியைத் தாண்டின. வழுக்கையைத் தாண்டின. அப்படியே மேலே போய்விட்டன.

எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியும். அவள் ஊரில் பஸ் நிற்கிற பக்கம் ஒன்று இருக்கிறது. அவள் வீடு இருக்கிற பக்கம் இன்னொன்று. துறைத்தலைவர் அந்த ஊருக்கு வந்ததே இல்லை. ஆனாலும் தெரிந்து வைத்திருந்தார்.

பவளக்கொடி அதற்கு என்ன சொன்னாள்? "தேங்க்ஸ் சார்" என்றாள்.

அதைத்தான் அவளால் செரிக்க முடியவில்லை. விடுதியில் அவளுக்குக் கோபக்காரி என்று பேர். சாம்பாரில் பல்லி கிடந்த அன்றைக்கு அண்டாவையே கவிழ்த்தவள். ஆனால் கவிழ்த்துவிட்டு, கரண்டி கொடுத்த மாஸ்டருக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் வந்தாள். ஏ.டி.எம். இயந்திரம் பணம் இல்லை என்று சொன்னால் அதற்கும் சொல்வாள். கோபம் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்புவதற்குள் நன்றி வாசலுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அப்படித்தான். பட்டத்தோடு அந்த வியாதியையும் சேர்த்துச் சுருட்டிக் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

அந்தக் கேள்வி கூடத்தோடு நிற்கவில்லை. புதன்கிழமை நூலகத்தில், "இந்தப் புத்தகத்தை நீங்களேவா படிக்கப் போறீங்க?" என்று கேட்டார்கள். வியாழக்கிழமை வாயிற்காவலர், "நீங்களேவா வந்தீங்க?" என்று கேட்டார். மெஸ்ஸில் தட்டை நீட்டியபோது, "நீயேவா சாப்பிடுற?" என்றார்கள். அன்றைக்குப் பல் தேய்க்கும்போது அவளுக்கே சந்தேகம் வந்தது. கண்ணாடியில் பார்த்து உறுதி செய்துகொண்டாள். அவளேதான் தேய்த்தாள்.

"புகார் குடுக்கப் போறேன்" என்றாள் அறைத்தோழி ஃபர்சானாவிடம்.

"எதுக்குடி? புருவத்துக்கா?"

"கேட்ட கேள்விக்கு."

"நீதான் தேங்க்ஸ் சொல்லிட்டியே."

"அது வாய் சொன்னது."

"அப்ப வாய்மேல ஒரு புகார் குடு. ரெண்டையும் சேத்து விசாரிப்பாங்க." ஃபர்சானா கட்டிலில் புரண்டு படுத்தாள். "என்னதான் வேணும் உனக்கு? அவரு மன்னிப்புக் கேக்கணுமா?"

"வேணாம். நடந்ததுன்னு எழுதித் தரணும். ஒரு வரி போதும்."

"தந்தா?"

"தரலன்னா இன்னும் ஒரு மாசத்துல நடக்கவே இல்லன்னு நானே நம்பிருவேன். களையப் பத்தி எழுதினதும் நான் இல்லன்னு நம்பிருவேன். பாதி நம்பிட்டேன்டி."

ஃபர்சானா எழுந்து உட்கார்ந்தாள். சிரிக்கவில்லை. "அப்ப போ" என்றாள். "யாருக்கும் நன்றி சொல்லாம போய்ட்டு வா."

அன்றிரவே புகாரை எழுதி அனுப்பினாள், மறுநாளே விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். பாகுபாடு தடுப்பு மையம் நிர்வாகக் கட்டடத்தின் தரைத்தளத்தில், வாசலுக்கு நேராகவே இருந்தது. கதவு கண்ணுக்குத் தெரிந்தது. பவளக்கொடி நடந்தாள். கதவு அதே தூரத்தில் இருந்தது. இரண்டு பக்கமும் முன்னாள் துணைவேந்தர்களின் படங்கள் மாட்டியிருந்தார்கள். நடக்க நடக்கப் புதிய படங்கள் வந்தன. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு இனிமேல் வரப்போகும் துணைவேந்தர்களின் படங்களும் வர ஆரம்பித்தன. எல்லாருக்கும் ஒரே கண்ணாடி.

எதிரே அலுவலக உதவியாளர் டீ கொண்டு போனார். நாலே எட்டில் அவளைக் கடந்துவிட்டார்.

"அண்ணே, நீங்க மட்டும் எப்படி?"

"எனக்குப் புகார் இல்லம்மா. புகார் இல்லாதவங்களுக்குக் கிட்ட. இருக்குறவங்களுக்குத் தூரம்."

"நான் எப்படிப் போறது?"

"வேற ஏதாவது நெனச்சுக்கிட்டு நடங்க."

அவள் அம்மாவின் கருவாட்டுக் குழம்பை நினைத்துக்கொண்டு நடந்தாள். கதவு உடனே வந்து மூக்கில் இடித்தது. "நன்றிண்ணே" என்று கத்தினாள். கத்திவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

உள்ளே நீள மேசை. ஒருங்கிணைப்பாளர் பேராசிரியை திலோத்தமை நடுவில் உட்கார்ந்திருந்தார். வலது பக்கம் ஒரு நாற்காலியில் பச்சை நிறப் பீரோ இருந்தது.

"உக்காருங்கம்மா. இவர் மூத்த உறுப்பினர்" என்று பீரோவைக் காட்டினார் திலோத்தமை. "ரொம்ப வருஷமா குழுவுல இருக்கார். போன ஜூன்லேருந்து இப்படி ஆயிட்டார். ஆனா கூட்டம் தவறமாட்டார்."

பவளக்கொடி பீரோவுக்கு வணக்கம் வைத்தாள். கைப்பிடி லேசாக அசைந்தது.

"உங்க வீடு மாதிரி நெனச்சுக்கங்க."

"எங்க வீட்ல பீரோ கிடையாது மேடம்."

"அப்படியா!" என்றார் திலோத்தமை. அவருடைய இடது புருவம் துள்ளியது. சட்டென்று விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சுக்கங்க. நாங்க நடுநிலையா இருக்கணும்." பிறகு இரண்டு கையாலும் இரண்டு புருவத்தையும் பிடித்துக்கொண்டே விசாரணையைத் தொடங்கினார். எழுத முடியவில்லை. அதனால் எதுவும் எழுதப்படவில்லை.

"முதல்ல, நீங்க புகார் குடுத்ததுக்கு நாங்க பெருமைப்படுறோம்."

"நன்றி மேடம்" என்றாள் பவளக்கொடி. நாக்கைக் கடித்துக்கொண்டாள். தாமதம்.

"சம்பவம் எங்க இருக்கு?"

"கூடத்துல, கூரையில."

"நாங்க போய்ப் பார்த்தோம். புருவம் இருக்கு. கேள்வி இல்ல."

"கேள்வி காத்துல சொன்னது மேடம். அங்கயே எப்படி இருக்கும்?"

"காத்தோட்டம் கூடாதுன்னுதான் ஃபேனை நிறுத்தியிருக்கோம். இருந்திருந்தா இருந்திருக்கும்." திலோத்தமை பீரோவைப் பார்த்தார். பீரோ மறுக்கவில்லை. "சாட்சி சொன்ன எல்லாரும் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டதா சொல்றாங்க. நீங்க தேங்க்ஸ் சொன்னதை."

"அதுக்கு முன்னாடி அவர் சொன்னது?"

"இருமினதா சொல்றாங்க."

"இருமினதுக்கு யாராவது தேங்க்ஸ் சொல்வாங்களா மேடம்?"

"நீங்க சொல்வீங்கன்னு எல்லாருமே சொல்றாங்கம்மா."

பவளக்கொடி நினைத்துப் பார்த்தாள். சொல்வாள்தான். போன வாரம்கூடத் தும்மியவர் ஒருவருக்குச் சொல்லியிருக்கிறாள்.

"எனக்கு ஒரு வரி போதும்" என்றாள். "நடந்ததுன்னு."

"வரியெல்லாம் நாங்க எழுதுறதில்ல. நாங்க விழா எடுக்குறது."

"என்ன விழா?"

"மீளாய்வு விழா. குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, ஏற்புரை. கடைசியா நன்றியுரை. நன்றியுரை முடிஞ்சதும் புகார் தானா முடிஞ்சுரும். பதிவாளர் 'இனிதே நிறைவுற்றது'ன்னு பதிவு பண்ணிருவார். எல்லாப் புகாரும் அப்படித்தான் முடிஞ்சிருக்கு. இனிதேதான்."

"நன்றியுரை யாரு சொல்றது?"

"பாதிக்கப்பட்டவங்க."

"சொல்லலன்னா?"

திலோத்தமையின் இரண்டு புருவங்களும் விரலை மீறித் திமிறின. "சொல்லாம இருந்தது யாருமே இல்லையேம்மா" என்றார். உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை.

திங்கட்கிழமை பேனர் வைத்துவிட்டார்கள். வாயிலிலிருந்து விடுதி வரைக்கும் பேனர். புருவ உயர்வுச் சம்பவம், மீளாய்வுப் பெருவிழா. தலைமை: துணைவேந்தர். முன்னிலை: பதிவாளர். சம்பவம்: செல்வி பவளக்கொடி. நுழைவுச்சீட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். பஸ் நிலையத்தில் ஒட்டும் 'இவரைக் கண்டால் தகவல் தரவும்' முகம். பவளக்கொடி அதற்குக் கீழே நின்று பார்த்தாள். வெட்கக்கேடு என்னவென்றால், படத்தில் முடி நன்றாக இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது.

பெற்றோருக்கும் அழைப்பு போயிருந்தது. அப்பா முனுசாமி உளுந்தூர்பேட்டையில் மூட்டை ஏற்றுகிறவர். புது வேட்டி கட்டிக்கொண்டு காலையிலேயே வந்து வாயிலில் நின்றார்.

"பாப்பா! எம்மாம் பெருசா போட்டுக்கிறாங்க உம் படத்த! கெவருனரு வந்தாக்கூட இம்மாம் பெருசு வெக்க மாட்டாங்க."

"அப்பா, அது பரிசு இல்லப்பா."

"பின்ன?"

"நான் ஒருத்தர்மேல புகார் குடுத்துருக்கேன்."

"குடுத்தா பேனரு வெப்பாங்களா?"

"இங்க வெப்பாங்க."

அப்பா பேனரை மறுபடி அண்ணாந்து பார்த்தார். "நல்ல எடம்தான்" என்றார். "உங்கம்மா கருவாடு குடுத்து உட்டுக்கிறா. பையில கீது. ஆறு மணி பஸ்ஸ உட்டா எனக்கு வண்டி கெடையாது. அதுக்குள்ள முடிச்சிருவாங்கல்ல?"

"நன்றியுரை முடிஞ்சா முடிஞ்சுரும்பா."

விழா சம்பவ இடத்திலேயே நடந்தது. மின்விசிறி ஓடவில்லை. அப்பா முதல் வரிசையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தார். "இவ்ளோ படிச்சவங்க இருக்குற எடம். ஒட்டட அடிக்க மாட்டாங்களா?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். அது துறைத்தலைவரின் மனைவி. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மேடையில் எல்லாரும் நடுநிலையாக இருந்தார்கள். அதாவது, ஆளுக்கு இரண்டு கையாலும் புருவத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பீரோவைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து ஓரமாக நிறுத்தினார்கள். துறைத்தலைவர் கருணாகரன் மட்டும் கையை மடியில் வைத்திருந்தார். பிடிக்க ஒன்றும் இல்லை. அவருக்கு மனைவி தினமும் மையால் புருவம் வரைந்து அனுப்புகிறார். அன்றைக்கு வீட்டில் ஏதோ சண்டை. கோபமான புருவம்.

திலோத்தமை வரவேற்புரை வழங்கினார். புகார் வருகிற அளவுக்கு நம் பல்கலைக்கழகம் வளர்ந்திருக்கிறது என்றார். கைதட்டக் கை இல்லாததால் எல்லாரும் காலைத் தட்டினார்கள்.

துணைவேந்தர் தலைமையுரையில் தன் இளமையைப் பற்றிச் சொன்னார். அவரும் ஒரு காலத்தில் செருப்பில்லாமல் பள்ளிக்கு நடந்தவர். ஆகவே இந்த வளாகத்தில் பாகுபாடு இருக்க வாய்ப்பில்லை. இடையில் பதிவாளர் எழுந்து, புருவத்தை விடாமலே குனிந்து, முழங்கையால் அவர் செருப்பைத் துடைத்து வைத்தார்.

பிறகு பொன்னாடை. துறைத்தலைவர் பவளக்கொடிக்குப் போர்த்தினார். திலோத்தமை புருவத்தை விடாமல் பல்லால் கவ்விப் போர்த்தினார். பீரோவின் சார்பாக ஒருவர் போர்த்தினார். சாட்சிகளும் திலோத்தமையைப்போலவே வரிசையில் வந்து போர்த்தினார்கள். வெயிலில் கம்பளி விற்கிறவள்போல அவள் நின்றாள். ஒவ்வொரு பொன்னாடைக்கும் அவள் வாயில் ஒரு நன்றி வந்து நின்றது. உதட்டை இறுக்கிக்கொண்டாள். வயிற்றுக்குள் திருப்பி அனுப்பினாள். அங்கே ஏற்கனவே நிறைய இருந்தன.

துறைத்தலைவர் ஏற்புரை நிகழ்த்தினார்.

"நான் பாராட்டத்தான் செஞ்சேன். நம்ம பொண்ணு நல்லா எழுதியிருக்காளேன்னு ஆச்சரியப்பட்டேன். ஆச்சரியப்பட்டது தப்பா? பாராட்டப் போய் என் புருவம் போச்சு. இருந்தாலும் நான் அந்தப் பொண்ணை மன்னிச்சுட்டேன்."

கால்கள் நெடுநேரம் தட்டின. அப்பாவும் தட்டினார். பெரிய மனுஷன் மன்னிக்கிறார் என்றால் தட்டத்தானே வேண்டும். தட்டிவிட்டு, எதற்கு மன்னித்தார் என்று பக்கத்தில் கேட்டார். துறைத்தலைவரின் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இப்போது நன்றியுரை" என்றாள் தொகுப்பாளினி. இளங்கலை மாணவி. பட்டுப்புடவை, நடுக்கம். "வழங்குபவர், செல்வி பவளக்கொடி."

பவளக்கொடி மைக் முன்னால் வந்தாள். இந்த மைக்கை அவளுக்குத் தெரியும். துறையில் எந்த விழா நடந்தாலும் வரவேற்புரைக்கு யாராவது இருப்பார்கள், அறிமுகவுரைக்கு யாராவது இருப்பார்கள். நன்றியுரைக்கு அவள்தான். "பவளம் நல்லா சொல்லும்" என்பார்கள். நாற்காலி போட்டவரிலிருந்து சமோசா கொண்டுவந்தவர்வரை ஒருவரையும் விடமாட்டாள். அதைத் தன் திறமை என்று அவள் வெகுநாள் நம்பினாள். சுயவிவரக் குறிப்பில் வேறு எழுதி வைத்திருக்கிறாள்.

"அனைவருக்கும்" என்றது அவள் வாய்.

அதோடு நிறுத்தினாள். அடுத்த சொல் பல்லுக்குப் பின்னால் நின்று இடித்தது. அவள் திறக்கவில்லை.

கூடம் காத்திருந்தது. தொகுப்பாளினி ஒரு துண்டுச்சீட்டை நீட்டினாள். அதில் அடுத்த சொல் எழுதியிருந்தது. பவளக்கொடி அதை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"சொல்லுங்கம்மா" என்றார் திலோத்தமை.

"மாட்டேன் மேடம்."

"எதை?"

"நன்றி."

"நீங்க சொல்லாம விழா முடியாதும்மா. நாட்டுப்பண் பாட முடியாது. பாடாம யாரும் எழுந்திருக்க முடியாது."

யாரோ பின்வரிசையில் எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. நாற்காலியும் கூடவே எழுந்தது.

"பதிவாளர் சார்" என்றாள் பவளக்கொடி. "நடந்ததுன்னு எழுதுங்க."

"எழுத முடியாதும்மா. கை புருவத்துல இருக்கு."

"அப்ப கையை எடுங்க."

பதிவாளர் துணைவேந்தரைப் பார்த்தார். துணைவேந்தர் கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்தார். மேடையில் வைத்த ரோஜாக்கள் வாடின. பஜ்ஜி வாசனை வந்து, ஆறி, போயிற்று. குத்துவிளக்கு அணைந்தது. பொன்னாடைகளுக்குள் பவளக்கொடி வெந்துகொண்டிருந்தாள். சொல்லித் தொலைத்துவிட்டால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. இரண்டு நிமிடம். அப்பா பஸ்ஸைப் பிடித்துவிடுவார். எல்லாரும் பஜ்ஜி தின்பார்கள். "பவளம் நல்லா சொல்லுச்சு" என்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்க அவளுக்கு இப்போதுகூட ஆசையாக இருந்தது. அதை நினைத்துத்தான் அவளுக்கு அசல் கோபம் வந்தது.

முதலில் கை வலித்தது திலோத்தமைக்கு. விட்டுவிட்டார். அவர் புருவங்கள் இரண்டும் நிதானமாக எழும்பிக் கூரையில் போய் ஒட்டின. பிறகு பதிவாளருடையவை. பிறகு சாட்சிகளுடையவை. துணைவேந்தருடையவை நரைத்தவை, மெதுவாகப் போயின. கூரை கம்பளிப்பூச்சி விழுந்த முருங்கைமரம்போல ஆயிற்று. புருவம் இல்லாத முகங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. அப்போதுதான் பிறந்தவர்கள்போல இருந்தார்கள். மேடையில் உட்கார்ந்திருந்தவர்களில் துறைத்தலைவர் ஒருத்தருக்குத்தான் இப்போது புருவம் இருந்தது. வியர்வையில் அதுவும் கன்னத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

"எங்களைப் பார்த்தா உனக்குப் பாவமா இல்லையா?" என்றார் அவர்.

"இருக்கு சார்."

"அப்ப சொல்லேன்."

"பாவமா இருந்தா சொல்லணும்னு இல்ல சார்."

"இதை யாரு உனக்குச் சொல்லிக் குடுத்தது?"

கூடத்தில் எல்லாருக்கும் அந்தக் கேள்வி கேட்டது. இந்தத் தடவை யாரும் இருமல் என்று சொல்ல முடியாது. ஒலிபெருக்கியில் விழுந்திருந்தது. பீரோவின் கதவு கிறீச்சென்று திறந்தது. உள்ளே பழைய பொன்னாடைகள் அடுக்கியிருந்தன. மறுபடி சாத்திக்கொண்டது.

பதிவாளரின் கை இப்போது சும்மாத்தான் இருந்தது. பேனா சட்டைப்பையில் இருந்தது. பவளக்கொடி பேனாவைப் பார்த்தாள். பதிவாளரும் பேனாவைப் பார்த்தார். எடுக்கவில்லை. ஆனால் பார்த்தார்.

"பாப்பா" என்றார் அப்பா முதல் வரிசையிலிருந்து. "ஆறு மணி பஸ்ஸு போயிருக்குமா?"

"போயிருக்கும்பா."

"நீ ஏதோ ஒண்ணு சொல்லணுமாமே. சொல்லிட்டா உட்ருவாங்களாம்."

"ஆமாம்பா."

"நீ சொல்ல மாட்டியா?"

"மாட்டேன்."

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். மூட்டை தூக்குகிற தோரணையில் குனிந்தார். அவருக்கு நாற்காலி ஒட்டவில்லை. அவரிடம் யாரும் நன்றி எதிர்பார்க்கவில்லை, அதனால் இருக்கலாம். நாற்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு மேடைப்படி ஏறினார். துணைவேந்தருக்கு ஒரு கும்பிடு போட்டார். நாற்காலியை மகளுக்குப் பின்னால் இறக்கி, ஆடுகிறதா என்று கையால் அழுத்திப் பார்த்தார்.

"இந்நேரமா நிக்கிற. காலு என்னாத்துக்கு ஆவும்? ஒக்காரு."

பவளக்கொடி உட்கார்ந்தாள். தொகுப்பாளினி ஓடிவந்து மைக்கை அவள் உயரத்துக்கு இறக்கினாள். அப்பா பொன்னாடைகளை ஒவ்வொன்றாக உருவி, மடித்து, மேடை ஓரத்தில் அடுக்க ஆரம்பித்தார்.

உட்கார்ந்துகொண்டு நன்றி சொல்லாமல் இருப்பது, நின்றுகொண்டு சொல்லாமல் இருப்பதைவிட எவ்வளவோ சுலபமாக இருந்தது.